தற்கொலைத் தடுப்பில் ஆளை முன்வைக்கும் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சிகிச்சைக்கு வருபவர்கள், அவர்களுடைய வீட்டார், புதிதாகப் பணிக்குச் சேர்ந்தவர்கள் எனப் பலர் பல நேரங்களில் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளமாக இருக்கும், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

இதைப் படிக்கும் எனக்கே உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. நான் என்ன செய்வது?

அப்படியானால் மீதியை அப்புறம் படிக்கலாம். நீங்கள் நம்பும் ஒருவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: "எனக்குச் செத்துப்போயிடலாம்னு தோணுது. கொஞ்ச நேரம் என்கூட இரு." காரணம் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் உதவி எண்ணை அழையுங்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. உங்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருள் கையருகே இருந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால், அது சின்னதுதான் என்று உங்களுக்குத் தோன்றினாலும், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த எண்ணத்தின் கடுமை நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. மணிக்கணக்கில், சில சமயம் நிமிடக்கணக்கில், ஏறி இறங்கும். ஏறியிருக்கும் நேரத்தை ஒருவர் துணையோடு கடப்பதுதான் உங்களுக்கு இப்போதைக்கு உள்ள ஒரே வேலை.

'நபர் மைய அணுகுமுறை' என்கிறார்களே, அது என்ன?

உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1940களிலும் 50களிலும் வளர்த்தெடுத்த சிந்தனை இதற்கு வேர். எதிரே இருப்பவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க முயல வேண்டும். தீர்ப்புச் சொல்லாமல் அவரை ஏற்க வேண்டும். ஆலோசகர் என்ற வேஷத்துக்குப் பின்னால் ஒளியாமல் உண்மையாக இருக்க வேண்டும். இவைதான் அவர் வலியுறுத்தியவை.

தற்கொலைத் தடுப்புக்கு இதைக் கொண்டுவரும்போது நாம் தொடங்கும் கேள்வியே மாறுகிறது. "இவர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார்?" என்று படிவத்தோடு தொடங்கிய இடத்தில், "இவருக்கு எங்கே வலிக்கிறது? இதுவரை எது இவரை உயிரோடு பிடித்து வைத்திருக்கிறது? எது கொஞ்சம் மாறினால் நாளையைத் தாங்க முடியும்?" என்று தொடங்குகிறோம். தற்கொலை ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எட்வின் ஷ்நைட்மன், தாங்க முடியாத உளவலியே தற்கொலையின் மையம் என்று 1993-இல் எழுதினார். பெரும்பாலானோர் தேடுவது அந்த வலியின் முடிவை. சாவு அதற்கு ஒரே வழியாகத் தெரிகிற அளவுக்கு அவர்களுடைய பார்வை குறுகிப்போயிருக்கிறது. அந்த வலி என்னவென்று தெரியாமல் செய்யும் சிகிச்சை எங்கே போய்ப் படும்?

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல் வினவுவதையும் குறிக்கிறது, செவி கொடுப்பதையும் குறிக்கிறது. இந்த அணுகுமுறையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் இந்தச் சொல்லிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ரிஸ்க் ஸ்கோர் போட்டு 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று பிரிப்பதில் என்ன தவறு? அறிவியல்பூர்வமாகத்தானே இருக்கிறது?

பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. நானும் பல வருடம் அப்படி நம்பியிருக்கிறேன். ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு.

2017-இல் ஜோசப் ஃபிராங்க்ளினும் அவர் குழுவினரும் 50 ஆண்டுக் காலத்தில் வந்த 365 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். நாம் வழக்கமாகச் சொல்லும் ஆபத்துக் காரணிகளை வைத்து எதிர்காலத் தற்கொலையைக் கணிப்பது, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்பது அவர்கள் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் மேத்யூ லார்ஜின் குழு, மனநலச் சிகிச்சையில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 37 ஆய்வுகளைத் தொகுத்தது. 'அதிக ஆபத்து' என்று குறிக்கப்பட்டவர்களில் சராசரியாக ஐந்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் 5.5 சதவீதம். மீதிப் பேர் அப்படி இறக்கவில்லை. மறுபக்கம், தற்கொலையால் இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்த 'அதிக ஆபத்து' வரிசையிலேயே இல்லை.

இதில் இரண்டாவது விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 'குறைவு' என்று டிக் அடித்துவிட்டால் என்ன ஆகிறது? அடுத்த சந்திப்பு தள்ளிப்போகிறது, தொலைபேசி அழைப்பு நின்றுபோகிறது, வந்தவருக்கும் "நான் இன்னும் அந்த அளவுக்கு மோசமாகவில்லை போல, நான் கேட்டது அதிகம்தான்" என்று தோன்றிவிடுகிறது. உதவி கேட்டு வந்த ஒருவரை ஒரு சொல் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 செப்டம்பரில் இதை வெளிப்படையாகவே எழுதியது. எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க மதிப்பெண் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது, குறைவு-நடுத்தரம்-அதிகம் என்று ஆட்களைப் பிரிக்கக் கூடாது, யாருக்குச் சிகிச்சை தருவது யாரை அனுப்பிவிடுவது என்பதை அந்த அளவுகோல்களால் முடிவு செய்யக் கூடாது என்றது. அந்த நபரின் தேவை என்ன, அவரை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்பதைப் பாருங்கள் என்றது. 2025 ஏப்ரலில் அந்நாட்டின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இங்கிலாந்தும் இதே திசையில் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது.

அப்படியானால் படிவமே வேண்டாமா?

பதிவு வேண்டும். என்ன பேசினோம், அவர் என்ன சொன்னார், என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். படிவம் பேச்சை நடத்தக் கூடாது, அவ்வளவுதான்.

பணிக்குச் சேர்ந்த புதிதில், ஒருவரிடம் இருபது நிமிடம் கேள்வி கேட்டுப் படிவத்தை முழுதாக நிரப்பினேன். எழுந்து போகும்போது அவர் சொன்னார்: "நீங்க ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கல, சிஸ்டர்." இப்போது நான் முதலில் பேசுகிறேன், முடிந்த பிறகு எழுதுகிறேன். எழுதியதை அவரிடமே காட்டி, "இதுல ஏதாவது தப்பா இருக்கா?" என்று கேட்கிறேன். பல தடவை தப்பு இருந்திருக்கிறது.

டேவிட் ஜோப்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய 'கேம்ஸ்' என்ற முறையில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிகிச்சைக்கு வந்தவரிடம் அனுமதி கேட்டு, சிகிச்சையாளர் அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்கிறார், இருவரும் ஒரே தாளைப் பார்த்து நிரப்புகிறார்கள். வலி, மன அழுத்தம், நம்பிக்கையின்மை எவ்வளவு என்பதோடு, வாழ்வதற்கு என்ன காரணங்கள், சாவதற்கு என்ன காரணங்கள் என்று இரண்டு பட்டியலும் அதில் உண்டு. சாவதற்கான காரணத்தை எழுதச் சொல்வது பயமாக இருக்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பட்டியலை அவர் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகாதா?

ஆகாது. இந்தப் பயம் எல்லோருக்கும் இருப்பதால்தான் ஆய்வாளர்கள் இதைத் தனியாகச் சோதித்தார்கள். 2005-இல் மேடலின் கூல்டின் குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்தது. கேட்கப்பட்ட மாணவர்களிடம் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு, கேட்டது பாரத்தைக் கொஞ்சம் குறைத்த மாதிரியே தெரிந்தது. பின்னர் வந்த ஆய்வுத் தொகுப்புகளும் இதையே சொல்கின்றன.

சரி, எந்த வார்த்தைகளில் கேட்பது?

சுற்றி வளைக்காமல், மெதுவாக. "அப்படி எதுவும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். இல்லை என்ற பதிலைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம் என்று அந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். அவரும் நமக்காக இல்லை என்று சொல்லிவிடுவார்.

நான் கேட்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நீங்க சொன்ன கஷ்டத்துல இருக்கறவங்க சில பேருக்கு வாழவே வேண்டாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?" ஆமாம் என்றால், "சொன்னது நல்லது. கடைசியா எப்போ தோணுச்சு? அன்னைக்கு என்ன நடந்துச்சு?" அதன் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி மௌனம் நமக்கு யுகமாகத் தெரியும். பேசுகிறவருக்கு அது மூச்சு விடும் இடம். "குழந்தைங்களை நினைச்சுப் பாருங்க", "இதெல்லாம் ஒரு விஷயமா" போன்ற பேச்சுகள் ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும் கதவைச் சாத்திவிடுகின்றன. குழந்தைகளைப் பற்றி அவர் ஆயிரம் தடவை நினைத்திருப்பார்.

'தற்கொலை' என்ற சொல்லுக்குள்ளேயே 'கொலை' இருக்கிறது. வேறு சொல் பழக்கத்துக்கு வரும்வரை இதையேதான் பயன்படுத்தியாக வேண்டும். ஆனால் ஒருவர் எதிரே இருக்கும்போது, அவர் எந்தச் சொல்லில் சொல்கிறாரோ அதையே நானும் எடுத்துக்கொள்கிறேன். 'போயிடணும்' என்று சொன்னால், அவர் எதைச் சொல்கிறார் என்பதை ஒரு முறை தெளிவாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு 'போயிடணும்' என்றே பேசுவேன்.

'பாதுகாப்புத் திட்டம்' என்றால் என்ன? யார் எழுத வேண்டும்?

பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வடிவமைத்த ஒரு பக்கத் தாள் இது. நெருக்கடி ஏறும்போது வரிசையாக என்ன செய்வது என்று அதில் இருக்கும். எனக்கு அந்த எண்ணம் வரப்போகிறது என்பதற்கு அறிகுறி என்ன? யாரையும் கூப்பிடாமல் நானே மனதைத் திருப்ப என்ன செய்யலாம்? எந்த ஆட்களோடும் எந்த இடத்திலும் இருந்தால் கவனம் மாறும்? வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்க யார் இருக்கிறார்கள்? எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைப்பது? என்னைச் சுற்றியுள்ள இடத்தை எப்படிப் பாதுகாப்பானதாக ஆக்குவது?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒன்பது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இதைச் சோதித்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 1,640 பேர். திட்டம் எழுதி, வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசியில் விசாரித்தும் வந்த குழுவில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தைகள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தன. 2018-இல் இந்த முடிவு வெளியானது.

ஆனால் தாளுக்கு மந்திரம் எதுவும் கிடையாது. 'நடைப்பயிற்சி, இசை, மூச்சுப்பயிற்சி' என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுத்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். அவை பைக்குள் மடிந்தே கிடக்கும். அவரவர் சொல்லில், முடிந்தால் அவரவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். ஒருவர் அறிகுறி என்ற இடத்தில், "எல்லாருக்கும் நல்லவனா பதில் சொல்ல ஆரம்பிப்பேன்" என்று எழுதினார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. அவர் வீட்டாருக்கு மட்டும் அது உடனே புரிந்தது. ஒவ்வொரு வரியையும் எழுதியதும், "ராத்திரி ரெண்டு மணிக்கு இதை உண்மையிலேயே செய்வீங்களா? எது தடுக்கும்?" என்று கேட்பேன். தடுப்பது என்னவென்று தெரிந்தால் அந்த வரியை மாற்றி எழுதுவோம். வாழ்க்கை மாறும்போது திட்டத்தையும் மாற்ற வேண்டும். திட்டத்தில் பெயர் இருந்த நண்பர் விலகிப்போயிருக்கலாம், எண் மாறியிருக்கலாம்.

"தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்" என்று எழுதி வாங்கினால் போதாதா?

போதாது. அது உயிரைக் காக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கையெழுத்துப் போட்டவர், எண்ணம் திரும்பி வரும்போது வாக்கை மீறிவிட்டோமே என்று நம்மிடம் சொல்லக் கூச்சப்படுவார். என்ன செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கும் நேரத்தில், அந்த நேரம் வந்தால் என்ன செய்வேன் என்பதைச் சேர்ந்து எழுதலாம்.

ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்வது அவருடைய சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாதா?

அவருக்குத் தெரியாமல் அலமாரியைக் குடைந்தால் ஆகும். அவரோடு பேசி, "நல்லா இருக்கிற நேரத்துல, மோசமான நேரத்துக்காக நீங்களே ஒரு முடிவு எடுங்க" என்று கேட்டால், பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். யாரிடம் கொடுத்து வைப்பது, எவ்வளவு காலத்துக்கு, எப்போது திரும்ப வாங்குவது என்பதை அவரே சொல்லட்டும்.

"ஒன்றை எடுத்தால் வேறொன்றைத் தேடிக்கொள்வார்கள்" என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. இலங்கையின் அனுபவத்தைப் பாருங்கள். கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அடுத்தடுத்துத் தடை செய்த பிறகு, 1995க்கும் 2015க்கும் இடையே அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. உச்சத்தில் இருக்கும் அந்தச் சிறிது நேரத்தைத் தள்ளிப்போட்டால் உயிர் மிஞ்சுகிறது. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை.

எல்லாவற்றையும் அவர் விருப்பத்துக்கே விடுவதா? உயிருக்கே உடனடி ஆபத்து என்றால்?

உயிரைக் காப்பாற்றுவதுதான் முதலில். அவர் சம்மதம் இல்லாமல் அனுமதிக்க வேண்டிய நேரங்களும் வரும், ஒவ்வொரு நாட்டிலும் அதற்குச் சட்டம் இருக்கிறது. அப்போதும் ஆளை முன்வைக்க நிறைய இடம் உண்டு. என்ன செய்யப்போகிறோம், ஏன், எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். பையைச் சோதிப்பதற்கு முன் அவரிடமே திறக்கச் சொல்லலாம். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கதவைத் திறந்து வைக்கவா, ஒருக்களித்து வைக்கவா என்று கேட்கலாம். இரவெல்லாம் கண்காணிக்கும் பணி என்றால், வெறுமனே பார்த்துக்கொண்டு உட்காருவதற்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்த இரவைப் பல வருடம் கழித்தும் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டாரிடம் சொல்லலாமா? ரகசியம் என்ன ஆகும்?

முதல் சந்திப்பிலேயே எல்லை எதுவென்று சொல்லிவிட வேண்டும்: "இங்க பேசறது நமக்குள்ள இருக்கும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் வேற ஒருத்தர் உதவி வேணும், அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." வீட்டில் யார் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் அம்மாவைத்தான் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். சித்தப்பா, மைத்துனி, பக்கத்து அறை நண்பர் என்று வரும். சிலருக்கு வலியே வீட்டிலிருந்துதான் வருகிறது, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அவர் அனுமதி தராவிட்டாலும், வீட்டார் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. "எங்களிடம் எதுவும் சொல்ல முடியாதென்றார்கள், நாங்கள் சொன்னதையும் கேட்கவில்லை" என்று பல குடும்பங்கள் வேதனைப்படுகின்றன.

மாத்திரை தேவையில்லையா?

தேவைப்படுபவர்களுக்குத் தேவை. தீவிர மனச்சோர்வு, இருதுருவ மனநோய், மனச்சிதைவு போன்றவை இருந்தால் அவற்றுக்கான சிகிச்சை உயிர்காப்பின் ஒரு பகுதி. மனச்சிதைவு உள்ளவர்களிடம் தற்கொலை நடத்தையைக் குறைப்பதற்காகவே குளோசாபின் மருந்துக்கு அமெரிக்காவில் 2002-இல் ஒப்புதல் கிடைத்தது. எந்த மருந்து, என்ன பக்கவிளைவு என்பதை அவரோடு பேசி முடிவெடுங்கள். மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

திரும்பத் திரும்ப இப்படியே வருகிறார். கவனத்தை ஈர்க்கத்தானே செய்கிறார்?

வார்டில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். தன்னையே காயப்படுத்தித்தான் கவனத்தைப் பெற முடிகிறது என்ற நிலையில் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் மற்ற வழிகளில் கேட்டபோது என்ன நடந்தது? முன்பு முயன்றிருப்பது பின்னாளைய ஆபத்தைக் கூட்டுகிறது. ஆகவே திரும்ப வருபவரிடம் பொறுமை குறைவது நேர்மாறான செயல்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், முயன்று பிழைத்த 120 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பாதியினர் முதல் அமர்வில் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள், அது வீடியோவில் பதிவானது. அடுத்த அமர்வில் சிகிச்சையாளரோடு சேர்ந்து அதைப் பார்த்தார்கள். மூன்றாவதில் தங்கள் அறிகுறிகளையும் பாதுகாப்பு வழிகளையும் எழுதினார்கள். பிறகு இரண்டு ஆண்டுகள் அவர்களுக்குக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் இந்தக் குழுவில் நடந்த மறு முயற்சிகள் 5, மற்றக் குழுவில் 41. இதன் முடிவு 2016-இல் வெளியானது. மூன்றே அமர்வுகள்தான். அங்கே முதலில் நடந்தது, கதையை அவர் வாயாலேயே சொல்லவிட்டு, யாரும் குறுக்கிடாமல் கேட்டது.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், இனி நிம்மதி என்று இருக்கலாமா?

வேண்டாம். மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் சில நாட்களும் வாரங்களும்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். உள்ளே நேரத்துக்குச் சாப்பாடு, பேச ஆள், இரவில் விளக்கு எல்லாம் இருந்தது. வெளியே அதே கடன், அதே வீடு, அதே தனிமை. இங்கிலாந்தில் மூன்று நாட்களுக்குள் நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ள வேண்டும் என்பது இப்போது நடைமுறை.

ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1969-இல் தொடங்கிய ஆய்வை நான் சந்திக்கும் எல்லோரிடமும் சொல்வேன். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து, தொடர் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை அவர் இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் சிறு கடிதங்கள் ஐந்து ஆண்டுகள் போயின. உங்களைச் சந்தித்துச் சில காலம் ஆயிற்று, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவில்தான். சிகிச்சைக்கு வா என்ற வற்புறுத்தல் எதுவும் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரு தபால்தலைச் செலவுதான் ஆகியிருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையை நல்ல மனதால் மட்டும் ஈடுகட்ட முடியாது. நிர்வாகம் ஆள் கொடுக்க வேண்டும், நேரம் ஒதுக்க வேண்டும். அதே சமயம், யாருக்கும் உதவாத மதிப்பெண் படிவத்துக்கு நாம் இப்போது செலவிடும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத ஏறக்குறைய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

இவ்வளவு செய்தும் ஒருவர் இறந்துவிட்டால்?

இறக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டவர்களிலும் இறந்திருக்கிறார்கள். யாராலும் முழுதாகக் கணிக்க முடியாது என்று மேலே சொன்னது அப்போது பணியாளருக்கும் பொருந்தும். குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். சட்டச் சிக்கலுக்குப் பயந்து மௌனமாக இருப்பது அவர்களை இன்னொரு முறை தனியாக விடுகிறது. அந்த வாரத்தில் பணியில் இருந்த செவிலியரிடமும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

சிகிச்சைக்குப் போகும் நான் இதை என் மருத்துவரிடம் கேட்டு வாங்க முடியுமா?

முடியும். "எனக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் சேர்ந்து எழுதலாமா?" "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்க்கலாமா?" "அடுத்த சந்திப்புக்கு முன்னாடி மோசமானா யாரைக் கூப்பிடணும்?" இந்த மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். பேச்சு வராது என்று தோன்றினால் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் நீட்டுங்கள். எனக்கும் அப்படித் தாள்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "கேளுங்க, சொல்றேன்." அன்று நாங்கள் ஒன்றரை மணி நேரம் பேசினோம்.